கோலென்சோவில் யாருக்குச் சுடத் தெரியவில்லை?

அன்புள்ள சந்துரு,

கட்டுரையின் முதல் படி கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் டச்சு வம்சாவளிக் குடியானவர்களான போயர்களோடு ஆங்கிலேயர் நடத்திய யுத்தத்தில், காயப்பட்டவர்களைச் சுமந்த காந்தியின் ஸ்ட்ரெச்சர் படையைப் பற்றிய பகுதியில் கைவைக்க ஒன்றுமில்லை. ஏறத்தாழ 1,100 பேரில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள் என்பதை நீ அழுத்திச் சொன்னது சரி. ஆனால் "ஆங்கிலேயச் சிப்பாய்க்குச் சுடத் தெரியாது, போயருக்கு அது பிறவிக் கலை" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாயே, அந்த இடத்தில்தான் இடறுகிறது.

1899 டிசம்பர் 15 அன்று நேட்டாலில் உள்ள கோலென்சோவில் நடந்த சண்டையில் ஆங்கிலேயருக்கு ஆயிரம் பேருக்கு மேல் இழப்பு. போயர் பக்கம் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. அந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் வருஷக்கணக்காகப் பயிற்சி எடுத்தவர்கள். எதற்கான பயிற்சி என்பதுதான் கேள்வி. அதிகாரி தூரத்தைச் சொல்வார், எல்லோரும் துப்பாக்கியில் குறிபார்க்கும் பின்சைட்டை அந்த எண்ணுக்கு ஏற்றுவார்கள், கட்டளை வந்ததும் ஐம்பது துப்பாக்கி ஒரே சமயத்தில் வெடிக்கும். அவர்களுடைய லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கியின் பக்கவாட்டில் 2,500 கஜத்துக்கும் மேலே கூட்டாகச் சுட ஒரு தனி சைட்டே இருந்தது. இந்த முறையில் சிப்பாய் தானாகத் தூரம் கணிக்க வேண்டியதே இல்லை. குறி தப்பியது யாருடைய குண்டு என்றும் தெரியாது. தெரியாத தவறை எப்படித் திருத்துவது?

இதை வெட்டவெளிப் புல்வெளியில் கொண்டுபோய் வைத்துப் பார். தென்னாப்பிரிக்காவின் தெளிந்த காற்றில் தூரம் உள்ளதைவிடக் குறைவாகத்தான் கண்ணுக்குப் படும். 600 கஜத்தில் இருக்கிறவனை 500 என்று எண்ணி சைட்டை வைத்தால், அந்தத் துப்பாக்கியின் .303 அங்குலக் குண்டு மூன்றடிக்கு மேல் தாழ்ந்து, அவனுக்கு முன்னால் மண்ணில் இறங்கும். படுத்திருக்கும் ஆள் காட்டும் உயரமோ ஓரடிதான். புகையில்லா வெடிமருந்து வந்துவிட்டதால் எங்கிருந்து சுடுகிறான் என்பதும் தெரியாது. ஐம்பது பேரும் ஒரே தப்பான எண்ணில் சுட்டால் ஐம்பது குண்டும் ஒரே மண்மேட்டுக்குத்தான் போகும்.

துப்பாக்கியில் தோட்டாக்கள் அடுக்கும் பெட்டியான மேகசின் விஷயம் இன்னும் வேடிக்கை. லீ-மெட்ஃபோர்டில் எட்டோ பத்தோ தோட்டா பிடிக்கும். ஆனால் மேகசினை மூடிவைக்க ஒரு தகடு வைத்திருந்தார்கள். சிப்பாய் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். உத்தரவு வந்தால்தான் தகட்டை இழுத்து மேகசினைத் திறக்கலாம். விட்டால் வீணடிப்பான் என்ற பயம்! மேகசின் தீர்ந்தாலும் ஒவ்வொன்றாகத்தான் நிரப்பியாக வேண்டும். எதிரே போயரின் 1895 மாடல் மௌசர் துப்பாக்கி: ஐந்து தோட்டா கோத்த கிளிப்பை வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து, முடிந்தது. தன் ஆளை நம்பாத ராணுவத்தின் மனசு அந்தத் தகட்டில் தெரிகிறது என்பேன்.

போயருடைய திறமை பிறவியில் வந்ததில்லை. பதினாறு வயதிலிருந்து அறுபதுவரை எவனை அழைத்தாலும் குதிரை, துப்பாக்கி, முப்பது தோட்டாவோடு வர வேண்டும் என்பது சட்டம். கையில் முப்பதுதான் என்றால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் விடுவான். கல்லுக்குப் பின்னால் ஒளிவதில் அவனுக்கு வெட்கமில்லை. நெருக்கடி வந்தால் குதிரையேறிப் போய்விடுவான், அதிலும் வெட்கமில்லை. பண்ணையும் பிள்ளைகுட்டியும் உள்ளவன் சாவது அங்கே வீரக்கணக்கில் சேராது. ஆங்கிலேய அதிகாரிக்கோ குனிவதே அவமானம். சிப்பாய்கள் பார்க்க நிமிர்ந்து நிற்பதுதான் அவருக்கு வீரம்.

ஆனால் இந்த மனப்போக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு, உன் கட்டுரையில் அது இல்லை. பயனெட் (துப்பாக்கிமுனைக் கத்தி) இல்லாத, கட்டளையை வாக்கெடுப்பு மாதிரி நடத்தும் படையால் குன்றைக் காக்க முடியும், ஏறிப் பிடிக்க வராது. 1900 ஜனவரி 6 அன்று போயர்கள் முற்றுகையிட்டிருந்த லேடிஸ்மித் நகருக்கு வெளியே, ஆங்கிலேயர் கையிலிருந்த வேகன் ஹில் குன்றில் போயர்களில் சிலர் உச்சிவரை ஏறி உயிரைக் கொடுத்துப் போராட, பலர் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார்கள். அந்தக் குன்று கைக்கு வரவேயில்லை.

இன்னொரு தகவலும் சேர். யுத்தத் தொடக்கத்தில் ஆங்கிலேயக் குதிரைப்படைத் தொண்டர்களுக்குக் கொடுத்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளில் சைட்டே கோணல். 500 கஜத்தில் குண்டு 18 அங்குலம் வலப்பக்கம் போனது. அப்படியொரு துப்பாக்கியால் அசையாமல் சுடுபவனுக்குத்தான் எல்லாக் குண்டும் ஒழுங்காகத் தப்பும்.

பிற்பாடு ஆங்கிலேயர்கள் பாடம் படித்தார்கள். இங்கிலாந்தின் ஹைத் ஊரில் ராணுவத் துப்பாக்கிப் பள்ளியில் தலைமைப் பயிற்றுநராக இருந்த மக்மஹோன் கூடுதல் இயந்திரத் துப்பாக்கி கேட்டார், கிடைக்கவில்லை. சரி, சிப்பாயையே வேகமாகச் சுட வைப்போம் என்று இறங்கினார். 1909 விதிமுறையின் 22ஆம் பயிற்சி இது: படுத்த நிலை, 300 கஜம், ஒரு நிமிஷம், பதினைந்து குண்டு. இலக்கு தெரியும் முன் துப்பாக்கி தயாராக இருக்கும், குழலில் ஒரு தோட்டா, மேகசினில் நான்கு. மீதியைப் பையிலிருந்து ஐந்தைந்தாகக் கிளிப்பில் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் தடுமாறுவது அந்த இடத்தில்தான்: கிளிப் சாய்ந்து இறங்கினால் ஒரு தோட்டாவின் விளிம்பு அடுத்ததன் பின்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும், பத்து நொடி போய்விடும். அதனால் போலித் தோட்டாவை வைத்துக் கை பழகும்வரை ஏற்றி இறக்கச் சொல்வார்கள்.

போலித் தோட்டாவுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு, இன்றுவரை பல பயிற்றுநர்கள் செய்வது. நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே சுடுபவனுக்குத் தெரியாமல் ஒன்றைக் கலந்துவிடுவார்கள். வெடிக்காத அந்த ஒரு தரம் பார்த்தால் குழல்முனை குபுக்கென்று கீழே குத்தும், கண் இறுக மூடும். துப்பாக்கி பின்னால் உதைப்பதை எதிர்பார்த்து உடம்பு முந்திக்கொள்கிறது. குண்டு ஏன் தாழப் போகிறது என்று அவனுக்கே அப்போதுதான் புரியும்.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914 முடிவதற்குள் அப்படிப் பழகியவர்களில் பெரும்பாலோர் இல்லை. மக்மஹோனும் அந்த நவம்பரில் இறந்துபோனார். சில மாதப் பயிற்சியோடு வந்த புதியவர்களுக்குப் பதுங்குகுழியில் முதலில் கற்றுக்கொடுத்தது எறிகுண்டு. 1917 வாக்கில் அதிகாரிகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்: எதிரி திறந்தவெளியில் ஓடுகிறான், நம் ஆள் தோளில் கிடக்கும் துப்பாக்கியை மறந்து, எறிகுண்டு வீசும் தூரம் வரும்வரை அவனைத் துரத்துகிறான் என்று.

அந்த ஒற்றை வரியை மாற்றி எழுதி அனுப்பு, பார்க்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை எழுது.

அன்புடன்,
மூர்த்தி