கப்பல் சுற்றுலா முடித்து வந்த நண்பனுக்கு

தூத்துக்குடி

அன்புள்ள சண்முகம்,

கிரேக்கத் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு நீயும் தங்கை மீனாட்சியும் மதுரைக்கு நல்லபடியாக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. கண்புரை அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது பார்வை தெளிந்துவிட்டது. கப்பல் நிறுவனத்துக்கு அனுப்புவதற்காக நீ எழுதி வைத்திருக்கும் புகாரை முதல் வேலையாக எடுத்து முழுவதும் படித்தேன். வங்கி மேலாளராக இருந்தவன் எழுதியது என்பது எண் போட்டு அடுக்கியிருப்பதிலேயே தெரிகிறது. பதின்மூன்று குறைகள். அனுப்பும் முன் ஒரு பார்வை பார்க்கச் சொன்னாய், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: இதை இப்படியே அனுப்பாதே.

என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி பயணிகள் கப்பலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றே போயிற்று என்பது உனக்குத் தெரியும். பயணம் முடிந்தபின் வரும் புகார்களுக்குக் கரையிலுள்ள அலுவலகத்தில் பதில் தயாராகும்போது, கப்பலில் என்ன நடந்தது என்று எங்களைத்தான் கேட்பார்கள். பதில் எழுதுகிற ஊழியர் பதின்மூன்று குறைகளையும் ஒரே எடையில் வைத்துப் பார்ப்பதில்லை. எளிதாக மறுக்க முடிந்த இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு அதைப் பற்றிப் பேசுகிறது என்று காட்டி, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று முடித்து, அடுத்த பயணத்துக்கு ஒரு சிறு தள்ளுபடியையும் சேர்த்து அனுப்பிவிடுவார். உன் பட்டியலில் அவருக்கு அப்படிப்பட்ட தீனி நிறைய இருக்கிறது.

உன் உண்மையான குறை ஒன்பதாவது இடத்தில், மூன்றே வரியில் ஒடுங்கிக் கிடக்கிறது. அறையின் கூரையிலிருந்து குளிர்சாதனத் தண்ணீர் மீனாட்சியின் தலையணை மேல் சொட்டியிருக்கிறது. அறைப் பணியாளரிடம் சொன்னதும் அவர் துண்டை விரித்து ஒரு வாளியையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் இரவும் சொட்டியிருக்கிறது. கம்பளம் ஊறி நாற்றம் எடுத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய அறையில் நிம்மதியாகப் படுக்க முடியாமல் போனது முழுக்க முழுக்க நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் நீ வரவேற்பு மேசைக்குப் போகவே இல்லை. அங்கே சொல்லியிருந்தால் அறை எண்ணும் நேரமும் கணினியில் பதிவாகியிருக்கும், பராமரிப்புப் பிரிவுக்கு உத்தரவு போயிருக்கும், சரியாகாவிட்டால் வேறு அறை தருவதா, பணத்தில் ஒரு பகுதியைத் திருப்புவதா என்று விடுதிப் பிரிவின் மேலாளர் முடிவெடுக்க வேண்டி வந்திருக்கும். அறைப் பணியாளரிடம் சொன்னது பல நேரம் அவரோடு நின்றுவிடும். பாவம், அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. பயணம் முடிந்ததும் பயணிகள் போடும் மதிப்பெண்ணை நம்பித்தான் அவருடைய அடுத்த ஒப்பந்தம் இருக்கிறது, தன் அறையில் கோளாறு என்று மேலே சொல்ல அவருக்குப் பயம்.

இதே போன்ற வழக்கு ஒன்று இங்கிலாந்தில் பெயர் பெற்றது. குவீன் விக்டோரியா கப்பல் 2008ஆம் ஆண்டு தன் முதல் உலகச் சுற்றுப் பயணம் போனபோது, சுமார் 59,000 பவுண்டு கொடுத்துப் போன ஒரு தம்பதியரின் அறையில் கடல் கொந்தளித்த போதெல்லாம் இரும்பு அதிரும் சத்தம் கேட்டு உறக்கமே இல்லை. அவர்கள் கப்பலிலேயே புகார் செய்தார்கள், அறை மாறினார்கள், கடைசியில் ஹவாயில் இறங்கிவிட்டார்கள். கட்டணத்தின் பெரும்பகுதியை நிறுவனம் முன்பே திருப்பிக் கொடுத்திருந்தது. அதற்கு மேல் முதல் நீதிமன்றம் கொடுத்த 22,000 பவுண்டு இழப்பீட்டை, 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 12,000 ஆகக் குறைத்தது. தொகை குறைந்தாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை எந்த நீதிபதியும் மறுக்கவில்லை. நடந்ததை நடந்தபோதே சொல்லி வைத்திருந்ததுதான் அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

இனி, நீ முதலிடம் கொடுத்திருக்கும் மைக்கொனோஸ் தீவுக்கு வருகிறேன். கப்பல் அங்கே நிற்காமல் போனதை ‘ஏமாற்று வேலை’ என்று எழுதியிருக்கிறாய். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று நம் ஊர் ஆடிக் காற்றுக்குச் சளைத்ததல்ல. பத்துப் பதினைந்து மாடி உயரம் கொண்ட கப்பலின் பக்கவாட்டில் அந்தக் காற்று அறைந்தால், துறையில் அணைக்கும்போதோ, பயணிகளைச் சிறு படகில் இறக்கும்போதோ என்ன ஆகும் என்று மாலுமிக் குடும்பத்தில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கப்பலையும் பயணிகளையும் காப்பதற்காகத் துறையைத் தவிர்க்கும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு. நீ கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அதையே சொல்கிறது. கேட்க வேண்டியது வேறு: போகாத துறைக்காக உன்னிடம் வாங்கிய துறைமுகக் கட்டணமும் வரியும் உன் கணக்கில் திரும்ப வந்ததா? வழக்கமாக வரும். வராவிட்டால் கேள், உன் பயணக் காப்பீட்டில் தவறிய துறைக்கு ஏதும் தருகிறார்களா என்பதையும் பார்.

நாலாவது குறையைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. துருக்கியின் குஷாதாசித் துறையில் நீங்களாக டாக்ஸி பிடித்து எபேசு நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். (அன்னை மரியாள் வாழ்ந்ததாக நம்பும் வீட்டுக்கும் போனீர்களா என்று ரோஸ்லின் கேட்கச் சொன்னாள்.) திரும்பும் வழியில் ஓட்டுநர் கம்பளக் கடைக்குள் அழைத்துப் போய்விட, கடைசி நேரத்தில் துறைமுகத்தில் ஓடியிருக்கிறீர்கள். ஏணியடியில் நின்ற பாதுகாவலர் கடுமையாகப் பேசினார் என்பது உன் புகார். அந்த நேரத்தில் கப்பலுக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் தாண்டியதும், ஏறும்போது கப்பல் அட்டையைக் காட்டாதவர்களின் பட்டியல் எங்கள் கைக்கு வரும். அறைக்கும் கைபேசிக்கும் அழைப்போம். ஒலிபெருக்கியில் பெயரை அறிவிப்போம். பதில் இல்லையென்றால் இரண்டு பேர் சாட்சியாக அந்த அறையின் பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டுகளை எடுத்து, கரையில் இருக்கும் முகவரிடம் ஒப்படைப்போம். உன் கடவுச்சீட்டை யாரோ கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள்.

2024 மார்ச்சில் நார்வீஜியன் டான் கப்பலின் பயணிகள் எட்டுப் பேருக்கு இதுதான் நேர்ந்தது. ஆப்பிரிக்காவின் மேற்கே சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலா ஒன்றுக்குப் போனவர்கள் நேரம் தவறித் திரும்பினார்கள். கப்பல் அப்போதும் நங்கூரத்தில்தான் நின்றது. கடலோரக் காவல் படகு அவர்களைக் கப்பலுக்கு அருகிலேயே கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. நாடு நாடாகக் கடந்து, காம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தும் கப்பல் அங்கே அணைய முடியாமல் போக, செனகலின் டக்காரில்தான் அவர்களால் கப்பலைப் பிடிக்க முடிந்தது. உலகம் முழுவதும் அதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. வயதானவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்ததால் ஏற்றியிருக்கலாம் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். நேரம் தவறியது அவர்கள் தவறு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. துறைமுகத்தில் கப்பலுக்கு ஒதுக்கிய நேரம், வழிகாட்டும் பைலட், அடுத்த துறையில் காத்திருக்கும் இடம், இத்தனையும் மூவாயிரம் பேருக்குப் பொதுவானவை. கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால் தாமதத்துக்கு அவர்கள் பொறுப்பு. நாமாகப் போனால் நாம் பொறுப்பு. விலை குறைவாக இருப்பதன் காரணமும் அதுதான்.

மீனாட்சிக்கு வயிற்றுப்போக்கு வந்ததும் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது என்று சொன்னதைச் ‘சிறை’ என்கிறாய். அவள் மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னாளே, அதற்கு அவளைப் பாராட்ட வேண்டும். கப்பல்களில் இந்த வயிற்றுநோயைப் பரப்பும் நோரோ வைரஸ் மிகச் சிறிய அளவிலேயே தொற்றக்கூடியது. உணவுக் கூடத்தின் வாசலில் வைத்திருக்கும் கைத் திரவம் அதற்கு அவ்வளவாகப் பயன்படாது, சோப்பு போட்டுக் கழுவினால்தான் போகும். அமெரிக்கத் துறைகளுக்குப் போகும் கப்பலில் பயணிகளிலோ பணியாளர்களிலோ நூற்றுக்கு மூன்று பேருக்கோ அதற்கு மேலோ இது வந்தால் அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பொதுவில் அறிவித்துவிடும். 2019 ஜனவரியில் ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலில் நூற்றுக்கணக்கானோர் இந்த நோயில் விழுந்துவிட, ஒரு நாள் முன்னதாகவே புளோரிடாவுக்குத் திரும்பி அனைவருக்கும் முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். ஏறும்போது நிரப்பும் சுகாதாரப் படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிட்டு, மாத்திரையை விழுங்கிக்கொண்டு பஃபே வரிசையில் கரண்டியைப் பிடித்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு கப்பல் சுத்தமில்லை என்று முதலில் எழுதுகிறவர்களும் அவர்கள்தான்.

முதல் நாளே ஆபத்துக்காலப் பயிற்சிக்காக நிற்கவைத்தார்கள் என்ற ஏழாவது குறையைத் தயவுசெய்து நீக்கிவிடு. 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கன்கோர்டியா இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் சிவிட்டாவெக்கியா துறையில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அந்த விபத்துக்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். 2015 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கேப்டனுக்குப் பதினாறு ஆண்டு சிறை. கரைக்கு அவ்வளவு நெருக்கமாகக் கப்பலை ஓட்டியவரின் குற்றத்தைப் பயணியின் கவனத்தால் ஈடுகட்ட முடியாது என்பதும் உண்மை.

அதனால் பயணிதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று நான் நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்காதே. 2013 பிப்ரவரியில் கார்னிவல் டிரையம்ஃப் கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரமும் கழிப்பறையும் சரியாக இல்லாமல் மெக்சிகோ வளைகுடாவில் நாள் கணக்கில் மிதந்தார்கள். அவர்கள் எதை முன்யோசனையாகச் செய்திருக்க முடியும்? பணத்தைத் திருப்பி, மேலும் 500 டாலரும் இன்னொரு பயணத்தில் கழித்துக்கொள்ள ஒரு தொகையும் கொடுத்தார்கள். அந்த வாடைக்கு அது ஈடாகுமா என்று தெரியவில்லை. ‘பயணியின் பொறுப்பு’ என்பது இந்தத் தொழிலில் நிறுவனங்கள் கையில் வைத்திருக்கும் வசதியான கேடயம். சீட்டின் ஒப்பந்தம் அவர்களுடைய வழக்கறிஞர் எழுதியது. அதில் நீ திருத்த ஒரு சொல்லும் இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கோடியில் வசித்த ஒரு பெண்மணி கப்பலில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டபோது, சீட்டில் அச்சிட்டிருந்தபடி புளோரிடாவில்தான் வழக்காட வேண்டும் என்று 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கடலில் பயணி காயப்பட்டால் இழப்பீடு கேட்க 1974ஆம் ஆண்டின் ஏதென்ஸ் உடன்படிக்கை இரண்டு ஆண்டு தருகிறது. அமெரிக்கச் சீட்டுகள் பலவற்றில் ஒரே ஆண்டுதான். உன் சீட்டில் எந்த நாட்டு நீதிமன்றம் என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சாண்டொரினியில் ஆளுக்கு 20 யூரோ வாங்கியது கிரேக்க அரசு 2025 ஜூலை முதல் போட்டிருக்கும் வரி, கப்பல்காரர்களின் கொள்ளை அல்ல. பழைய துறையிலிருந்து ஃபிரா ஊருக்கு ஏற கேபிள் கார் வரிசையில் வெயிலில் நின்றதும் அப்படியே. இன்னொரு வழி கழுதை அல்லது ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். கைபேசிக் கட்டணம், நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் வலையோடு உன் பேசி தானாக ஒட்டிக்கொண்டதால் வந்தது. அதை உன் செல்பேசி நிறுவனத்திடம் பேசிக்கொள். பணியாளர்களுக்கான அன்றாட அன்பளிப்புத் தொகையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அதில் வாழ்ந்தவன் நான்.

எனவே தண்ணீர் சொட்டிய கதையை மட்டும் வைத்து ஒரு பக்கத்தில் புதிதாக எழுது. எந்தத் தேதி, எந்த அறை, எந்தப் பணியாளரிடம் எத்தனை மணிக்குச் சொன்னாய், எத்தனை இரவு தூங்கவில்லை, எவ்வளவு திருப்பிக் கேட்கிறாய் என்பதைத் தெளிவாகப் போடு. வாளியைப் படம் எடுத்ததாகச் சொன்னாயே, அதையும் இணை. மேசையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். பணியாளர் சொல்லியிருப்பார் என்று நம்பினேன் என்ற உண்மையையே எழுது. துறைமுகக் கட்டணத்தைத் தனிக் கடிதமாகக் கேள். இன்னொன்று: வயிற்றுநோய்க்கான மருத்துவத்துக்குப் பல கப்பல்களில் கட்டணம் வாங்குவதில்லை. மீனாட்சிக்காக மருத்துவ அறையில் ஏதும் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்க, கடைசி இரவு கதவடியில் போட்ட கணக்குத் தாளின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. முதல் பக்கம் மட்டும்தான் நீ அனுப்பியிருக்கிறாய்.

அன்புடன்,
சேவியர்