உலகத்துக்குத் தெரியாமல் இருந்த நோயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் இரத்தச்சோகை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். 1554 இல் யொகான்னஸ் லாங்கே என்ற ஜெர்மன் வைத்தியர் எழுதும்வரை இப்படியொரு நோய் இருப்பதே உலகத்துக்குத் தெரியாது என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த உலகத்தில் நாங்கள் இல்லைப்போலும்.

லாங்கேக்குப் பல நூற்றாண்டு முந்திய ஆயுர்வேத நூலான சரக சங்கிதையில், உடம்பு வெளுக்கும் நோயான பாண்டு ரோகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருப்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆள் களையிழந்து வெளுத்துப்போகும், கண்ணைச் சுற்றி வீங்கும், காதுக்குள் இரையும், மயிர் கொட்டும், ஏற்றம் ஏறினால் இடுப்பும் காலும் உளையும், குளிர் ஆகாது, எந்நேரமும் நித்திரை வரும், பேச்சுக் குறையும், கோபம் மட்டும் கூடும். இதைவிடக் கிட்ட நின்று ஒரு நோயாளியைப் பார்க்க முடியுமா? மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நான் அச்சொட்டாக அப்படித்தான் இருந்தேன். கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது என்று மாமியார் பின்னால் வந்தவர்களுக்கும் கேட்கச் சொன்னார். பிறகு கிளினிக்கில் கண்மடலை இழுத்துப் பார்த்த மருத்துவமாது, "உங்களுக்கு இரத்தமே இல்லையேம்மா" என்று இரும்புச்சத்துக்கு அயன் குளிசை தந்தார். அதற்கு மாமியார் சொன்னதை நீங்கள் அச்சில் போடமாட்டீர்கள்.

லாங்கேயோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் அது. நண்பரின் மகள் வெளுத்துப்போகிறாள், படியேறினால் நெஞ்சு படபடக்கிறது, இறைச்சியைக் கண்டால் குமட்டுகிறது, இரவில் கால் வீங்குகிறது. நன்றாகத்தான் கவனித்திருக்கிறார். மருந்து என்ன தெரியுமா? கலியாணம் கட்டிக்கொடுங்கள், சரியாகிவிடும்! அதற்குத் துணையாக அவர் காட்டுவதும் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கிய பழைய நூலைத்தான். முன்னோர் எழுதியிருக்கிறார்கள் என்று அவரே சொல்லும்போது, அவருக்கு முதலிடம் கொடுக்கத் தங்கள் கட்டுரையாளருக்கு என்ன அவசரம்? கலியாணம்தான் மருந்து என்று கேட்பதற்கு ஜெர்மனிவரை போகவும் வேண்டாம். எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

சரகர் இரும்புத் தூளை ஏழு இரவு கோமூத்திரத்தில் ஊறவைத்துப் பாலோடு கொடுக்கச் சொல்கிறார். 17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சிடன்ஹாம் என்ற வைத்தியர் இரும்புத் தூளை வைனில் ஊறவைத்துக் கொடுத்தார். உலர்ந்த இரத்தத் தூளில் காந்தத்தைப் பிடித்து உள்ளே இரும்பு இருக்கிறது என்று இத்தாலியில் மெங்கினி என்ற வைத்தியர் காட்டியது அதற்கும் பிறகு, 18 ஆம் நூற்றாண்டின் நடுவில். தம்பலகாமத்தில் பரியாரியாராக இருந்த என் அப்பப்பா, இரும்பில் செய்யும் மருந்தான அயச்செந்தூரத்தை அரைக்கவென்றே ஒரு கல்வம் வைத்திருந்தார். வேறு மருந்து அதில் படவிடமாட்டார். கையாந்தகரைச் சாறு விட்டு அரைத்து அரைத்து அவருடைய நகக்கண்ணில் ஏறிய செம்மை கடைசிவரை போகவில்லை. (வீட்டில் இரும்பு அரைத்துக் குடியுங்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் குளிசைதான் விழுங்கினேன்.)

மண் தின்று வரும் பாண்டு என்றும் ஒரு வகை சொல்கிறார் சரகர். முகமும் காலும் வீங்கும், வயிற்றில் புழு இருக்கும், மலத்தோடு இரத்தம் போகும் என்கிறார். ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைக்கு வந்து, குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவின் ஒழிப்பைத் தொடங்கியதோ 1916 இல். இரும்பு குறைந்தாலே மண்ணையும் சோக்குக்கட்டியையும் தின்னும் ஆசை வரும் என்று இன்றைய வைத்தியர்கள் சொல்கிறார்கள். நான் படிப்பித்த ஒரு பள்ளிக்கூடத்தில் சோக்குத் தின்ற பிள்ளைக்குக் கிடைத்தது பிரம்படி.

படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நெற்றியில் கைவைத்தபடி ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் வெளுத்திருக்கிறாளா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? என்ன சாப்பிடலாம் என்ற பக்கத்துப் பெட்டியில் பீட்ரூட் சாறு இருக்கிறது, முருங்கையிலை இல்லை, ஈரல் இல்லை. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதும் இல்லை. கீழே அரைப் பக்கத்துக்குத் தேயிலை விளம்பரம் இருந்ததைப் பார்த்தேன், அதனால் காரணம் கேட்கவில்லை. கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா திரிபோஷாவின் தட்டுப்பாடு பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தையும் பாதியில் வெட்டி 'வாசகி ஒருவர்' என்று போட்டீர்கள். அதையும் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த ஒரு வரியைத் திருத்தி அதே மருத்துவப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்புப் போடுங்கள். இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். அடுத்த முறை அச்சுக்குப் போகமுன் அவர்களுக்கு ஒரு போன் எடுங்கள். குறிப்புக்கு இடமில்லையென்றால் இராசிபலனில் என் இராசியை எடுத்துவிடலாம், கன்னி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.