கையுறைக்குள் இருக்கும் கை

ஆசிரியருக்கு வணக்கம்.

சமையலறைச் சுத்தம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொப்பி, கையுறை, வெள்ளை மேலங்கி என்று கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் விரிவாக எழுதியிருந்தார்கள். பதினோரு வருடம் பெரிய சமையலறைகளில் வேலை பார்த்தவள் நான். கண்ணுக்குத் தெரியாததையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கையுறை. அதை மாட்டியதும் கை சுத்தமாகிவிட்டது என்று நமக்கே ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அதோடு காசு வாங்குகிறோம், செல்போனை எடுக்கிறோம், மூக்கைத் தேய்க்கிறோம், அப்புறம் அப்படியே பரிமாறுகிறோம். வெறுங்கை என்றால் பிசுபிசுப்பு தெரியும், கழுவத் தோன்றும். மாட்டுவதற்கு முன்னால் கை கழுவ வேண்டும், வேலை மாறினால் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி கழுவ வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கழுவுவது என்றால் சோப்புப் போட்டு 20 விநாடியாவது, நகக்கண், விரலிடுக்கு, கட்டைவிரல் எல்லாம் சேர்த்து. சானிடைசர் இதற்கு ஈடாகாது. வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸிடம் அது சரியாக வேலை செய்வதில்லை.

ஒருமுறை விரலில் சீழ் வைத்த வெட்டுக்காயத்தோடு ஒரு வாரம் வேலை செய்தேன். துணியைச் சுற்றிக்கொள் என்றார் மேற்பார்வையாளர், அவ்வளவுதான். இப்படிப்பட்ட புண்ணில் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் விழுந்து பெருகினால் நச்சை உண்டாக்கும். கிருமி சூட்டில் செத்தாலும் அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை பேருக்குப் பரிமாறினேனோ, இன்றும் மனசு உறுத்துகிறது.

ஆனால் அன்று நான் லீவு கேட்டிருந்தால் கூலி போயிருக்கும். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தவர், அது நின்ற பிறகும் 48 மணி நேரம் சமையல் பக்கமே வரக் கூடாது என்பது சுகாதார அறிவுரை. சரி, அந்த இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பது? கொடுக்க ஆளில்லை என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள்.

நியூயார்க்கில் சமையல்காரியாக இருந்த மேரி மேலனின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு நோயின் அடையாளமே இல்லை, ஆனால் உடம்பில் டைஃபாய்டு கிருமி இருந்தது. 1907இல் பிடித்துத் தனிமையில் வைத்தார்கள். இனி சமைக்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு 1910இல் விட்டார்கள். துணி துவைக்கும் வேலைக்குப் போனார், அதில் சமையல் அளவுக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. 1915இல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் டைஃபாய்டு பரவியபோது, அங்கே வேறு பெயரில் சமைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று தெரிந்தது. அதன்பின் 1938இல் சாகும்வரை தனிமைதான். அவர் செய்தது தப்பு. ஆனால் சமைக்காதே என்று சொன்னவர்கள், வேறு எப்படிப் பிழைப்பது என்பதற்கு வழி செய்திருக்க வேண்டாமா?

உங்கள் நிருபர்கள் அடுத்த முறை ஒரு சமையலறைக்குப் போனால், தொப்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். கை கழுவும் தொட்டி எங்கே இருக்கிறது, அதன் பக்கத்தில் சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா என்று பாத்திரம் கழுவுபவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி