கரினா நெபுலா படம்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஈசூன் அக்கம்பக்கத்தாருக்கும் நண்பர்களுக்கும்,

விண்வெளியில் ஒளிரும் வாயு மேகமான கரினா நெபுலாவை நான் எடுத்த படம் ஒருவழியாகத் தேறிவிட்டது. பார்த்தவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். அதில் பெரும்பங்கு வேறு சிலருக்குச் சேர வேண்டியது.

முதல் நன்றி துவாஸ் பட்டறையில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பிக்கு. நம் சிங்கப்பூர் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 1 பாகை சொச்சம்தான் வடக்கே. தொலைநோக்கியைச் சுழற்றும் மவுண்டின் அச்சு, வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையப்புள்ளியான வானத்துருவத்தை நோக்க வேண்டும். அந்தப் புள்ளி இங்கே அடிவானத்தை ஒட்டி இருப்பதால், அச்சைக் கிட்டத்தட்டப் படுக்கப்போட வேண்டியிருக்கிறது. அப்படிப் படுத்தால் எடைக்கட்டி மாட்டிய கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கும். தம்பி அளவெடுத்துக்கொண்டு போய், தடித்த அலுமினியக் குழாயின் இரு முனைகளையும் கடைசலில் சமமாக்கி, முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே வைக்க ஒரு கழுத்து செய்து தந்தார். கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் அதைத் தேக்காவரை சுமந்து வந்தார். காசு வேண்டாம் என்றவர் பிரியாணிக்கு மட்டும் சம்மதித்தார். விளிம்பில் பிசிறே இல்லை, கை வைத்துத் தடவிப் பார்க்கத் தோன்றும்.

அடுத்து, மவுண்டைத் துருவத்துக்கு நேர் செய்யக் கற்றுத்தந்த ஐயாவுக்கு. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. எங்கள் கார் நிறுத்துமிட மேல்தளத்திலிருந்து அந்தத் திசையில் தெரிவது எதிர்ப் புளோக்கில் காயும் துணிதான். ஐயா சொன்ன வழி வேறு. உச்சிக்கு அருகே ஒரு நட்சத்திரத்தைத் தொலைநோக்கியின் குறுக்குக்கோட்டில் நிறுத்து. அது வடக்கே நழுவுகிறதா, தெற்கே நழுவுகிறதா என்று பார்த்து மவுண்டை இடமோ வலமோ திருப்பு. பிறகு கிழக்கே தாழ இருக்கும் ஒன்றைப் பார்த்து ஏற்ற இறக்கத்தைச் சரிசெய். “அவசரப்படாதேப்பா” என்பார். இந்தப் படத்தில் நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் புள்ளியாக நிற்பது அவர் பொறுமையால்தான்.

ஃபில்டரை இரவல் தந்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? நம் விளக்குகளின் வெளிச்சம் எல்லா நிறத்திலும் வானத்தில் கலந்து கிடக்கிறது. நெபுலாவோ ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பிலும், ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் பச்சையிலும்தான் அதிகம் ஒளிர்கிறது. அந்த இரண்டையும் மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும் கண்ணாடி அது. விலை கேட்டால் தலைசுற்றும். “கையிலேயே வெச்சிரு, உன் வேலை முடியட்டும்” என்று சாதாரணமாகக் கொடுத்துவிட்டார்.

வேன் அண்ணே, உங்களை மறக்க முடியுமா! மேல்தளத்து விளக்குக்கம்ப வெளிச்சம் நேராக லென்ஸில் விழுவதைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே வேனைக் குறுக்கே நிறுத்தி மறைத்தீர்கள். பல இரவுகள் அதே இடத்தில். சூடான பீசாங் கோரெங் (வாழைப்பழ வறுவல்) கொண்டுவந்த மலாய் அத்தை மக்சிக்குக்கும் நன்றி. யார் வீட்டை எட்டிப் பார்க்கிறேன் என்று விசாரித்தவர்களுக்கும்தான். கேட்க வேண்டிய கேள்விதானே அது?

கேட்காதவள் என் மனைவி ஒருத்திதான். சாயங்கால இடி ஓய்ந்து மேகம் விலகினால், “போங்க, இன்னிக்கு விட்டா கிடைக்காது” என்று அவளே துரத்திவிடுவாள். ஏப்ரல் நடுவில் இரவு 10 மணி வாக்கில் இந்த நெபுலா தெற்கே உச்சத்துக்கு வரும். அப்போதும் இங்கிருந்து 29 பாகை உயரம்தான். சென்னையில் 17 பாகை. ஊரிலிருந்து படத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மச்சானுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

அகத்தியர் நட்சத்திரம் இருக்கும் அதே கரினா மண்டலத்தில், சுமார் 7,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது இது. படத்தின் நடுவே கறுப்பாகத் தெரிவது தூசி மேகம், அச்சுப்பிழை இல்லை. மேலே சொன்ன எல்லாருக்கும் பெரிய அளவில் பிரதி போட்டு வைத்திருக்கிறேன். துவாஸ் தம்பி ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அவருக்கு அன்றே கொடுத்துவிடுவேன். மற்றவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன்.