எம்.எஸ்.வி. புத்தகம் படித்து முடித்தேன் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தை நாலே நாளில் படித்து முடித்துவிட்டேன், சில இடங்களை இரண்டாவது தடவையும் படித்தேன். போனில் நீ கேட்டபோது "நல்லா இருக்கும்மா" என்று சொன்னேன். ஆசை ஆசையாக வாங்கி அனுப்பியிருக்கிறாயே, வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் உன்னிடம் மறைத்து வைக்கவும் மனசு கேட்கவில்லை. அந்தப் புத்தகம் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928-ல் பிறந்தது, சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தது, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டுப் படித்தது, சினிமா கம்பெனியில் எடுபிடி வேலை பார்த்தது, இதெல்லாம் படிக்கும்போது கண் கலங்கியது. அப்புறம் 1952-ல் இவர் இசையமைத்த 'பணம்' படம் வருகிறது, அதோடு வாழ்க்கை வரலாறு நின்றுவிடுகிறது பாப்பா. அதற்குப் பிறகு படப் பட்டியல், பாராட்டு விழா, பொன்னாடை, யார் யார் என்ன புகழ்ந்தார்கள், இவ்வளவுதான். அந்தப் பட்டியலிலும் 'மன்னவன் வந்தானடி'யை இவர் பாட்டாகப் போட்டிருக்கிறார்கள். அது கே.வி. மகாதேவன் பாட்டு என்று நம் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே!

எனக்கு ஆற மாட்டாமல் இருப்பது ராமமூர்த்தி விஷயம். அவர் நம்ம திருச்சிக்காரர், விஸ்வநாதனைவிட ஆறு வயது மூத்தவர், பெரிய வயலின் வித்வான். இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் குழுவில் இவர் வயலின், விஸ்வநாதன் ஆர்மோனியம். சுப்பராமன் 1952-ல் திடீரென்று இறந்துபோனபோது பாதியில் நின்ற வேலையை இருவரும் சேர்ந்துதான் முடித்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரைக்கும் 'விஸ்வநாதன் - ராமமூர்த்தி' என்றுதான் டைட்டிலில் வந்தது. அப்படிப்பட்ட மனிதருக்கு இந்தப் புத்தகத்தில் மொத்தமாக இரண்டு பக்கம். "கருத்து வேறுபாட்டால் பிரிந்தனர்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகிறார் எழுதியவர். ஏன் பிரிந்தார்கள் என்ற வம்பு எனக்கு வேண்டாம். சேர்ந்து இருந்தபோது எப்படி வேலை செய்தார்கள், ஆர்மோனியத்தில் பிறந்த ஒரு மெட்டு எப்படி அத்தனை வயலினுக்கும் பிரிந்து போனது, யார் எதை எழுதினார்கள், அதைத்தானே ஒரு வாழ்க்கை வரலாறு சொல்ல வேண்டும்?

'நெஞ்சில் ஓர் ஆலயம்' உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மா அழுதுகொண்டே பார்ப்பாளே, ஆஸ்பத்திரியிலேயே நடக்கிற ஸ்ரீதர் படம், 1962. நான் செத்துப்போனால் நீ இந்த டாக்டரைக் கல்யாணம் செய்துகொள் என்று படுக்கையில் இருக்கிற புருஷன் சொல்லிவிடுகிறான், அதற்கு அவள் பாடுகிற பதில் 'சொன்னது நீதானா'. சிதார் வந்து நம்மை அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போகிறது. அப்புறம் சுசீலா அம்மா "சொல் சொல் சொல்" என்று மூன்று தடவை கேட்கிறார். கண்ணதாசன் எழுதியது ஒரே வார்த்தைதான், ஆனால் கேட்டுப் பார், மூன்றும் ஒரே மாதிரி இருக்காது. முதலில் கேள்வி, அப்புறம் நம்ப முடியாத தவிப்பு, மூன்றாவது வருவதற்குள் கெஞ்சலே வந்துவிடும். நாற்பது வருஷமாகக் கேட்கிறேன், இன்னும் அந்த இடத்தில் கையில் இருக்கிற வேலை நின்றுவிடுகிறது. இந்தப் பாட்டுக்குப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "காலத்தால் அழியாத பாடல்." முடிந்தது. ஒரே ஒரு பாட்டையாவது உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

வாசித்தவர்கள் பெயரும் இல்லை. அக்கார்டியன் மங்களமூர்த்தி இல்லை, தபேலா பிரசாத் இல்லை, டிரம்ஸ் நோயல் கிராண்ட் இல்லை, பறவை மிருகக் குரலெல்லாம் கொடுத்த சதன் இல்லை. தன் குழுவில் இருந்தவர்களை எம்.எஸ்.வி. ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை, புத்தகம் விட்டுவிட்டது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் அதே கதிதான், மெட்டமைத்தார் என்று அரை வரி. நீ மூன்றாம் வகுப்பில் பிரேயரில் முன்னால் நின்று பாடுவாயே, வீட்டிலும் வந்து முகம் கழுவாமல் பாடிக் காட்டுவாய், அந்த மோகன ராகத்தை உன் வாயில் வைத்தவர் அவர். கர்நாடக சங்கீதம் படிக்காத பிள்ளைகள் லட்சக்கணக்கில் சுருதி விலகாமல் பாடும்படி ஒரு மெட்டுப் போடுவது லேசான காரியமா? அதைப் பற்றி மட்டுமே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

நீ வருத்தப்படாதே. நீ தேடி வாங்கினாய் என்பதே எனக்குப் போதும், புத்தகத்தைத் திருப்பி அனுப்பவெல்லாம் மாட்டேன். நடுவில் கண்ணதாசனோடு அவர் ஆர்மோனியம் முன்னால் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று இருக்கிறது, இருவரும் வேட்டியில், வாய் திறந்து சிரித்தபடி. அந்தப் பக்கத்தில் உன் பழைய ஸ்கூல் பஸ் பாஸை அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன்.

புதிதாக ஹெட்போன் வாங்கியிருப்பதாகச் சொன்னாயே, ராத்திரி வேலையெல்லாம் முடிந்ததும் அந்த 'சொன்னது நீதானா'வை ஒரு தடவை கேள். பாட்டு மட்டும் கேட்காமல் பின்னால் வயலின் எங்கே வருகிறது, எங்கே ஒதுங்கிக்கொள்கிறது என்று பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அந்த மூன்றாவது "சொல்" உனக்கு எப்படிக் கேட்டது என்று சொல்லு. அம்மா மாவடு போட்டிருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா