ஏழாம் நாள் ரத்தம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திவிட்டாயே, ஏன்டி? சரி, அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தில் காய்ச்சலுக்கு ரிசல்ட் தரும் பி.சி.ஆர். மெஷினை உன் லேபுக்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதற்கு வருகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அது இருக்கிறது. டிபிக்காக வந்தது. இரண்டு சின்னப் பெட்டிகள். முதல் பெட்டி ரத்தத்திலிருந்து கிருமியின் டி.என்.ஏ.வைப் பிரித்துத் தர 20 நிமிடம். அதில் ஒரு சொட்டைச் சிப்பில் விட்டு அடுத்த பெட்டியில் செருகினால், கிருமி இருந்தால் முக்கால் மணிக்குள் திரையில் கோடு ஏறும், இல்லையென்றால் ஏறாது. கரன்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். ஜே.எஸ்.பி. ஸ்டெயினில் விரலெல்லாம் நீலமாகி, மலேரியா ஸ்லைடு பார்த்துப் பார்த்துக் கண் எரிய நாம் ஹாஸ்டலுக்குத் திரும்பியது ஞாபகம் இருக்கிறதா? அப்போது யாராவது இப்படி ஒரு பெட்டி வரும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

போன மாதம் ஒரு அக்கா வந்தார். ஏரிக்கரையில் புதர் வெட்டும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஏழு நாளாகக் காய்ச்சல், தலை பிளக்கிற வலி. மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட். வெளியே ஒரு கிளினிக்கில் விடால் டெஸ்ட் போட்டு, 1:80 என்று வந்ததைப் பார்த்து டைபாய்டு என்று முடிவுகட்டி ஐந்து நாள் ஊசி போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் நிறையப் பேருக்கு 1:80 சும்மாவே வரும், உனக்குத் தெரியாததா. டெங்குவுக்கு ஆறாம் நாள் என்.எஸ்.1 எடுத்து, அதுவும் நெகட்டிவ். எங்களிடம் ஸ்க்ரப் டைபஸ், அதாவது புதரில் இருக்கும் சிற்றுயிர் கடித்து வரும் காய்ச்சலுக்கான சிப் கொஞ்சம் இருந்ததால் டாக்டர் அதைப் போடச் சொன்னார். போட்டேன். நெகட்டிவ். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

புதிதாக வந்திருக்கும் லேடி டாக்டர் அதை ஏற்கவில்லை. திரையை இழுத்துவிட்டு அந்த அக்காவைத் தலை முதல் கால் வரை பார்த்திருக்கிறார். பாவாடை நாடாவுக்குக் கீழே, இடுப்பில், பட்டாணி அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. பீடியால் சுட்ட மாதிரி, சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. “சுருக்குப்பை ஒரசின காயம்னு நெனச்சேன்” என்றார் அக்கா. டாக்டர் அப்போதே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்துவிட்டார். பொருக்கை நான் ஃபோர்செப்ஸால் எடுத்து மெடிக்கல் காலேஜ் லேபுக்கு அனுப்பினேன். மறுநாள் மதியம் பாசிட்டிவ் என்று போன் வந்தபோது காய்ச்சல் இறங்கி, அக்கா ரசம் சாதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. மெஷின் தப்புச் செய்யவில்லை, மல்லிகா. பி.சி.ஆர். கிருமியின் டி.என்.ஏ.வை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கிறது, 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். ஆனால் நான் விட்ட சொட்டில் ஒன்றுகூட இல்லாவிட்டால்? பூஜ்யத்தை எத்தனை தடவை இரட்டித்து என்ன! இந்தக் கிருமி ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களுக்குள் பதுங்கி வாழ்வது. ரத்தத்தில் மிதப்பது கொஞ்சம்தான். கடித்த இடத்துப் பொருக்கில் நிறைய இருக்கும். கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்புப் பொருளைப் பார்க்கலாமென்றால் அதுவும் நன்றாக ஏற ஒரு வாரம் ஆகும்.

பேப்பர்காரர்கள் இதை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகிறார்கள். மாட்டில் ஒட்டுகிற உண்ணி இல்லை இது. புதரில் இருக்கும் ஒரு சிற்றுயிரின் குஞ்சு, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதனால்தான் யாருக்கும் கடி ஞாபகம் இருப்பதில்லை. 1916-இல் வந்த வீல்-ஃபெலிக்ஸ் டெஸ்டை இன்னும் சில இடங்களில் போடுகிறார்கள். வேறொரு பாக்டீரியாவை வைத்து இதைக் கண்டுபிடிக்கிற வேலை, பக்கத்து வீட்டுக்காரன் ஜாடையை வைத்துத் திருடனைப் பிடிக்கிற மாதிரி.

மருந்து சில ரூபாய் மாத்திரைதான். முற்றிப்போனால்தான் பாடு. தீவிரமானவர்களுக்கு டாக்ஸியும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வந்தது. அந்த அக்கா அந்த அளவுக்குப் போகாமல் தப்பித்தார்.

ஆகவே, வாங்கு. ஆனால் விற்பனைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்காதே. ஒவ்வொரு நோய்க்கும் தனிச் சிப், ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. டெங்குவுக்கு முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 கார்டே கால் மணி, இருபது நிமிடத்தில் சொல்லிவிடும், அதற்கு இந்த மெஷின் வேண்டாம். எலிக் காய்ச்சலுக்கு முதல் வாரம் ரத்தம், அப்புறம் சிறுநீர். உங்கள் பக்கம் நாற்று நடுகிறவர்கள் எத்தனை பேர் வருவார்கள், யோசித்துப் பார். எந்த டெஸ்ட் எழுதிக்கொண்டு வந்தாலும் காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதிவிடு. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மைக்ராஸ்கோப்பை மட்டும் விற்றுவிடாதே.

பொங்கலுக்கு வருகிறாயா? இங்கே குளிர் தாங்கவில்லை, முழங்கால் பிடித்துக்கொள்கிறது.

நேற்று அந்த அக்கா மறுபடி வந்தார். கூட வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நேராக என் மேசைக்கே வந்து நின்றார். “இவளுக்கும் நாலு நாளா காய்ச்சல்மா. ரத்தமெல்லாம் அப்புறம் எடுக்கலாம், மொதல்ல இடுப்பப் பாருங்க.”

அன்புடன்,
வசந்தி