கைச்சுற்று ஒன்றரை இன்ச் குறைந்திருக்கிறது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுகிறேன்.

போனில் உன் க்ரோன் குடல் நோயையும் நீ இளைப்பதையும் பற்றிப் பேச்செடுத்தாலே "நான் நல்லாத்தான்மா இருக்கேன்" என்று சொல்லி வேறு எங்கோ கொண்டுபோய்விடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கேபில் போகிற வழியில் அரைகுறையாகப் படிக்காதே. ரூமுக்கு வந்து, முகம் கழுவிவிட்டு, நிதானமாகப் படி.

நீ அனுப்பிய ஜாக்கெட் பார்சல் வந்து சேர்ந்தது. எல்லாமே லூஸாக இருக்கிறது, பிடித்துக் கொடு என்று சீட்டில் எழுதியிருந்தாய். அளவுக்கு ஹைதராபாத்தில் புதிதாகத் தைத்த ஜாக்கெட் ஒன்றையும் வைத்திருந்தாய். டேப்பை வைத்துப் பார்த்தேன். இடுப்பு குறைந்திருக்கும் என்று தெரியும். கைச்சுற்றைப் பார்த்ததும்தான் எனக்கு வேலை ஓடவில்லை. என் நோட்டில் உன் கைச்சுற்று 11 இன்ச். இப்போது ஒன்பதரை.

வருஷக்கணக்கில் ஊர்ப் பெண்களுக்கு அளவெடுத்துத் தைக்கிறவள் நான். நடந்து, சோற்றைக் குறைத்து இளைக்கிறவர்கள் ஜாக்கெட்டைப் பிடிக்கக் கொண்டுவந்தால் இடுப்பில்தான் பிடிக்கச் சொல்வார்கள். கை இப்படி வற்றி நான் பார்த்தது, உடம்புக்கு முடியாமல் கிடந்து எழுந்தவர்களிடம்தான். அங்கன்வாடியில் குழந்தைக்கு ஊட்டம் சேர்கிறதா என்று பார்க்க மேல்கையில் நாடா சுற்றி அளப்பார்களே, அது சும்மா இல்லை. சதை போனால் கை காட்டிக்கொடுத்துவிடும்.

"ஸ்டீராய்டு போட்டப்போ உப்புனது இப்போ வடிஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று தம்பியிடம் சொன்னாயாம். பாதி சரி. போன வருஷம் 40 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரத்துக்கு 5 குறைத்து நிறுத்தினார்கள். அப்போது உன் முகம் உருண்டையாக இருந்ததும் உண்மை, பிறகு வடிந்ததும் உண்மை. ஆனால் அந்த மாத்திரையைத் தொடுவதற்கு முன்னால் நீ 53 கிலோ. உப்பினது வடிந்தால் 53-க்குத்தானே வரவேண்டும்? இப்போது 46 என்கிறாய். அந்த ஏழு கிலோவுக்கு வேறு கணக்கு இருக்கிறது. ஸ்டீராய்டே கை கால் சதையைக் கரைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்.

தானாக முயற்சி எதுவும் செய்யாமல், ஆறு மாதம் ஒரு வருஷத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ஏன் என்று பார்த்தாக வேண்டும். உன் 53 கிலோவுக்கு அது இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதைப்போல இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டாய்.

க்ரோன் நோயைப் பற்றி 1932-இல் நியூயார்க்கில் க்ரோன் என்ற டாக்டரும் அவருடன் இருந்த இரண்டு டாக்டர்களும் எழுதிய கட்டுரையைத் தம்பி தேடிப் படித்துச் சொன்னான். அதிலேயே காய்ச்சல், பேதி, உடம்பு மெலிவு என்று மூன்றையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்களாம். பேதி ஆனால் மட்டும் டாக்டரிடம் சொல்கிறாய், இளைத்தால் சொல்வதில்லை. இரண்டும் ஒரே நோயின் வேலைதான்.

மதுரையில் டாக்டர் தாளில் வரைந்து காட்டினாரே, நினைவிருக்கிறதா? சிறுகுடல் முடிந்து பெருங்குடலில் சேருகிற இடம். அங்கேதான் உனக்குப் புண். வைட்டமின் பி12-ஐ உடம்பு எடுத்துக்கொள்கிற இடமும் அதுதான். கொழுப்பைச் செரிக்க உதவுகிற பித்த உப்பு அங்கே திரும்ப உறிஞ்சப்படாவிட்டால் பேதியும் கூடும், கொழுப்புச் சத்தும் சேராது. இதற்கு மேல், உள்ளே அழற்சி இருக்கிறவரை உடம்பு காய்ச்சல்காரர் உடம்பைப்போலச் சத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். அந்த அழற்சியே பசியையும் அடக்கிவிடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், "சாப்பிடவே தோணலம்மா, என் மேலதான் தப்பு" என்று போன மாதம் சொன்னாய். உன் மேல் தப்பே இல்லை. சின்ன வயதில் தட்டில் சோற்றை வைத்துவிட்டு ஓடிய பிடிவாதம் வேறு, இது வேறு. பசியைக் கெடுப்பது நோய். அதை "நல்லா சாப்பிடு, நல்லா சாப்பிடு" என்று சொல்லிச் சரிசெய்ய முடியாது. நான் அப்படிச் சொல்லப் போவதும் இல்லை. மருந்தைச் சரிசெய்தால் பசி வரும்.

நீ சாப்பிடப் பயப்படுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு வாய்கூட வைப்பதில்லை. கேபில் ஒன்றரை மணி நேரம், நடுவில் இறங்க வேண்டி வந்தால் ஆண்கள் முன்னால் எப்படிக் கேட்பது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதற்காக உன்னைக் கடிந்துகொள்ள மாட்டேன். ஆனால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "எத்தனை தடவை போகிறது" என்று கேட்டால் இரண்டு என்று சொல்லிவிட்டு வருகிறாயே, பட்டினி கிடப்பதால்தான் இரண்டு என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், உன் அத்தை. கல்யாண வீட்டில் உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "பொண்ணு சிக்குன்னு ஆயிட்டா, இப்பவே மாப்பிள்ளை பாத்துருங்க" என்றாள். சுற்றியிருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. அவளுக்கு உன் மேல் பிரியம்தான், தெரியாமல் சொல்கிறாள். ஆபீஸிலும் எல்லோரும் என்ன டயட் என்று கேட்கிறார்கள் என்றாய். அந்தப் பாராட்டு உனக்குள்ளே போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அழகு குறைச்சல் உனக்கு எப்போதும் இருந்ததில்லை. 53 கிலோவில் இருந்தபோது தோட்டத்துக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் சுமந்து வந்தாய். இப்போது பி.ஜி. விடுதியில் இரண்டாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாய். கல்யாணப் பேச்சு உடம்பு தேறிய பிறகுதான். அப்பாவும் அதையே சொல்லிவிட்டார்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதே. இந்த வாரமே போ. எடை முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் முதல் வார்த்தையே அதைச் சொல். மலத்தில் பார்க்கிற கால்ப்ரொடெக்டின், ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி., இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி எல்லாம் பார்க்க வேண்டுமா என்று கேள். வெளியே தெம்பாகத் தெரிந்தாலும் உள்ளே புண் புகைந்துகொண்டிருந்தால் கால்ப்ரொடெக்டின் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். செலவைப் பார்த்துத் தள்ளிப் போடாதே, அப்பா பணம் போட்டுவிடுவார்.

மருந்து போதவில்லை, நோய் எதிர்ப்பை அடக்குகிற ஊசிக்கு மாறலாம் என்று சொன்னால் பயந்துவிடாதே. அதற்கு முன் டிபி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதலில் உனக்குக் குடல் டிபி என்றுதானே மாத்திரை கொடுத்தார்கள்? நம் நாட்டில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது டாக்டர்களுக்கே கஷ்டம். குடலில் துளி சதை எடுத்துப் பார்த்த அந்தப் பழைய பயாப்ஸி ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாம் என்னிடம் இருக்கிறது. தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான், அதையும் காட்டு.

வேறு இரண்டு விஷயம், பெண்ணுக்குப் பெண்ணாகக் கேட்கிறேன். தீட்டு தள்ளிப் போகிறதா? எடை இறங்கினால் அதுவும் நிற்கக்கூடும், வெட்கப்படாமல் சொல். அந்த நாட்களின் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரை குடலைக் கிளறிவிடக்கூடிய வகை. டாக்டரைக் கேட்காமல் போடாதே.

சாப்பாட்டு விஷயத்தில் மலையைப் புரட்ட வேண்டாம். நோய் கிளம்பியிருக்கிற நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 1.2-இலிருந்து 1.5 கிராம் வரை புரதம் தேவை. உனக்கு 55-இலிருந்து 70 கிராம் வரும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. அதனால் மூன்று வேளை தட்டு நிறைய என்று முயற்சி செய்யாதே, ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. குழைந்த சாதத்தில் பாசிப்பருப்பைக் கடைந்து நெய் விட்டுச் சாப்பிடு. அவித்த முட்டை, தயிர், புளியும் காரமும் குறைத்த மீன் குழம்பு, எது ஒத்துக்கொள்கிறதோ அது. பி.ஜி. ஊறுகாய்ச் சாப்பாடு வேண்டாம், பக்கத்தில் சமைத்துக் கொடுக்கிற நம்மூர் அக்காவிடம் பேசியிருக்கிறேன். குடல் சுருங்கியிருக்கிறதா என்று டாக்டர் சொல்கிறவரை வாழைத்தண்டு, முருங்கைக்காய், சோளம் மாதிரிச் சக்கையுள்ளதைத் தொடாதே. சத்து பானம் மட்டுமே கொடுத்துக் குடலை ஆற்றுகிற வைத்தியமும் உண்டு, குழந்தைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் வரைகூடக் கொடுக்கிறார்கள். உனக்கு அது பொருந்துமா என்று டயட்டீஷியனிடம் கேள், நீயாகக் கடையில் வாங்காதே.

சாப்பிட்டவுடன் வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் யாரையும் கேட்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. அது ராத்திரி இரண்டு மணி என்றாலும் சரி.

அப்பா வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறார். டாக்டரிடம் கூடவே வருவார். அவர் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தால் வெளியே உட்காரச் சொல், அவர் வருத்தப்பட மாட்டார். வேண்டுமென்றால் உள்ளே போனதும் எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வை, மிச்சத்தை நான் சொல்கிறேன்.

உன் அம்மா

பி.கு.: பி12 ஊசி கடைசியாக எப்போது போட்டாய் என்று பச்சை பைலில் இருக்கும். பார்த்துத் தேதியை எனக்கு அனுப்பு.